கஷ்டமான கணக்கைக் காம்பராவுக்கு அனுப்ப வேண்டாம்

அந்தப் பிள்ளையின் கொப்பி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் பலகையில் செய்து காட்டிய மூன்று கணக்கும் ஒரு வரி விடாமல், விடைக்குக் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டு அழகாக எழுதப்பட்டிருந்தன. அடுத்த பக்கத்தில் வீட்டில் செய்துவரச் சொன்ன ஐந்து கணக்கு இருக்க வேண்டும். முதல் கணக்கின் எண்கள் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது, அதற்குக் கீழே எதையோ எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடத்தில் தாளே மெலிந்து போயிருந்தது.

"ஏன்மா செய்யல?" என்று கேட்டேன்.

"கிளாஸ்ல வெளங்குச்சு மிஸ். வீட்டுக்குப் போயி எடுத்தா ஒன்னுமே வெளங்கல. கேக்கவும் ஆளில்ல."

கேட்கவும் ஆளில்லை. பதினோரு வருடமாகப் படிப்பிக்கிறேன், அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக உறைத்தது. இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கத்தில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்கு வணிகப் புள்ளிவிபரவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் பொகவந்தலாவ, மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை என்று நாலு பக்கமும் இருந்து வருகிறார்கள். அதில் பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், வீட்டில் உயர்தரம் தாண்டிப் படிக்கிற முதல் ஆள். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்ததும் எல்லாம் ஆங்கில மொழிமூலம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இலகுவான பகுதியை, அதாவது ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு எழுதுகிற பகுதியை, நாற்பத்திரண்டு பேரும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து செய்கிறோம். மூளையைப் போட்டுக் கசக்க வேண்டிய பகுதியை, சிக்கிக்கொண்டால் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டிய பகுதியை, அவளிடம் கொடுத்துத் தனியாக அனுப்பிவிடுகிறேன். அவள் போவது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவுக்கு, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு அறைக்கு. அங்கே ஒரு பல்ப், தம்பிமார், இருமுகிற தாத்தா, பக்கத்துக் காம்பராவின் டிவி சத்தம். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிறாள். இதில் நியம விலகலை, எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற கணக்கை, யாரிடம் கேட்பாள்?

தலைகீழ் வகுப்பறை, ஃப்ளிப்ட் கிளாஸ்ரூம் என்பதை நான் ஒரு பயிற்சிப் பட்டறையில் கேட்டிருந்தேன்: விளக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் வீடியோவில் பார்த்துவிட்டு வர, கணக்கை வகுப்பில் செய்வது. அப்போது அது பெரிய நாடுகளுக்கான விஷயம், லேப்டாப்பும் வேகமான இணையமும் உள்ளவர்களுக்கானது என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு திரும்பத் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியில் உட்லண்ட் பார்க் என்ற ஊரில் ஜொனதன் பேர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயனவியல் ஆசிரியர்கள் 2007இல் தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கியதே வகுப்புக்கு வராமல் போகிற பிள்ளைகளுக்காகத்தான். அங்கே விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தூர ஊர்களுக்குப் போகிற பிள்ளைகள் கடைசிப் பாடங்களைத் தவறவிடுவார்களாம். எங்கள் பிள்ளைகள் தவறவிடுவது மழைக்கும், மண் சரிந்து பாதை மூடுவதற்கும், வராத பஸ்ஸுக்கும். காரணம் வேறு, வெற்றுக் கதிரை ஒன்றுதான்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, ஜூன் ஜூலையில் எரிபொருள் இல்லை, பஸ் இல்லை. எங்கள் கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள்தான் பிள்ளைகளை நேரில் பார்க்க முடிந்தது. அந்த இரண்டு நாளிலும் நான் பலகையில் எழுத, அவர்கள் பார்த்து எழுதுவதா? அவ்வளவு கஷ்டப்பட்டு, நடந்தும் லொறியில் தொற்றியும் வருகிற பிள்ளைக்கு நான் கொடுப்பது அதுதானா என்று யோசித்தபோது மனது கேட்கவில்லை. அந்தத் தவணையில்தான் தொடங்கினேன்.

முதல் முயற்சி முழுக்கப் பிழைத்தது. அதை விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தொடங்குகிற எல்லாரும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

வழக்கமான விரிவுரையை அப்படியே பதிவு செய்தேன். முப்பத்தெட்டு நிமிடம். யூடியூபில் ஏற்றி, லிங்கை வட்சப் குழுவில் போட்டு, "திங்களுக்குள் பார்த்துவிட்டு வரவும்" என்று எழுதினேன். திங்கள் வந்து கேட்டால் முழுதாகப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். டேட்டா இல்லை, கவரேஜ் இல்லை, கரண்ட் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். மஸ்கெலியாப் பக்கத்து ஒரு பையன், மாரியம்மன் கோவிலுக்கு மேலே உள்ள கல்லில் ஏறி நின்றால்தான் அவர்கள் டிவிஷனில் சிக்னல் எடுக்கும், அங்கே போய் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது என்றான். பொய் சொல்லவில்லை. கொரோனாக் காலத்தில் மரத்திலும் பாறையிலும் ஏறி நின்று ஒன்லைனில் படித்த பிள்ளைகள்தான் இவர்கள்.

நான் செய்த பெரிய பிழை அதற்குப் பிறகு வந்தது. பாவம், பார்க்க முடியவில்லையே என்று பலகைக்குத் திரும்பி அதே பாடத்தை முதலில் இருந்து நடத்தினேன். கல்லில் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்த அந்த ஒன்பது பேரும் இரண்டாம் தடவை அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் அந்த ஒன்பதும் நாலாகிவிட்டது. ஏன் பார்க்க வேண்டும், மிஸ் எப்படியும் திரும்பச் சொல்வார்தானே. பார்க்காமல் வந்தவருக்காக வகுப்பில் பாடத்தைத் திரும்ப நடத்தினால் அந்த நாளோடு இந்த முறை செத்துவிடும். இதை நான் மூன்று வாரம் இழந்து படித்தேன்.

அப்படியென்றால் பார்க்காத பிள்ளையை என்ன செய்வது? தண்டிப்பதும் சரியில்லை. இப்போது வகுப்பின் பின்மூலையில் இரண்டு மேசை போட்டு, பழைய லேப்டாப் ஒன்றில் அந்த வீடியோக்களை வைத்திருக்கிறேன். பார்க்காதவர் வந்ததும் அங்கே போய் ஹெட்செட் போட்டுப் பார்த்துவிட்டு வந்து குழுவில் சேர்ந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடம் பிந்தும், அவ்வளவுதான். யாரும் ஏசுவதில்லை, பெயர் சொல்வதில்லை. ஆனால் நான் திரும்ப நடத்துவதில்லை.

அடுத்தது வீடியோவின் நீளம். எடெக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் 69 இலட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் அதில் தங்குகிற நேரத்தின் இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற எண், ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அதன் முடிவு. வேகமான இணையம் உள்ளவர்களுக்கே அப்படி. நான் முப்பத்தெட்டு நிமிடத்தை ஐந்து துண்டாக வெட்டினேன். வெட்டும்போது ஒன்று தெரிந்தது. அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத பேச்சு. வகுப்பில் ஒருவர் எழுதி முடிக்கும்வரை நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்போமே, அதெல்லாம். வீடியோவில் அவர்கள் நிறுத்தி எழுதிக்கொள்வார்கள், திருப்பிச் சொல்லத் தேவையில்லை. மிஞ்சியது மொத்தம் பதினாறு நிமிடம். இப்போது ஒரு வகுப்புக்கு ஒரு வீடியோ, ஆறிலிருந்து எட்டு நிமிடம், அதற்கு மேல் இல்லை.

பதிவு செய்ய எந்தச் சாமானும் வாங்கவில்லை. மேசையில் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே அடிமட்டம் இரண்டை வைத்து, அதன் மேல் போனைக் கவிழ்த்து வைப்பேன். கீழே வெள்ளைத் தாள், கறுப்பு மார்க்கர். என் முகம் தெரியாது, கையும் எண்களும் மட்டும். எங்கள் வீடு தகரக் கூரை. மழை தொடங்கினால் நான் சொல்வது எனக்கே கேட்காது, அதனால் விடிய ஐந்து மணிக்கு எழுந்து பதிவு செய்வேன். ஏழு நிமிட வீடியோவுக்கு எழுதி, பேசிப் பார்த்து, பதிவு செய்து முடிக்க இரண்டு மணித்தியாலம் போகும். முதல் வருடம் அது பெரிய சுமை, அதை மறைத்து ஆசை காட்ட நான் விரும்பவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் முழுப் பாடத்தையும் ஒரே தவணையில் இப்படித் தலைகீழாகப் புரட்ட வேண்டாம் என்கிறேன். நான் முதல் தவணையில் நாலு அலகு மட்டும்தான் செய்தேன். பிள்ளைகள் வருடா வருடம் சிக்குகிற நாலு அலகு.

யூடியூப் லிங்க் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். வீடியோவைக் குறைந்த தரத்தில் சுருக்கினால் வெள்ளைத் தாளும் மார்க்கரும் எட்டுப் பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். வியாழக்கிழமை வகுப்பு முடியும்போது முன்வரிசையில் ஐந்து பேருக்கு என் போனில் இருந்து நேரடியாக அனுப்புவேன், அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். பதினைந்து நிமிடத்தில் நாற்பத்திரண்டு போனிலும் வீடியோ இருக்கும். டேட்டா ஒரு சதத்துக்கும் போகாது, கல்லில் ஏறத் தேவையில்லை. வீடியோ ஓடாத போன் வைத்திருக்கிற இரண்டு மூன்று பேருக்கு அதே விஷயத்தை ஒரு ஏ4 தாளில் கையால் எழுதிப் போட்டோக்கொப்பி கொடுக்கிறேன். வீடியோ இல்லாமலும் இது நடக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும். 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பித்த மூன்று பேர் இதே முறையைப் பற்றி எழுதியபோது பாடநூல், வீடியோ டேப், குரல் சேர்த்த ஸ்லைட் என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் விட்டார்கள்.

மொழி விஷயம் நான் எதிர்பார்க்காத நன்மை. வகுப்பில் நான் ஆங்கிலத்தில் தொடங்கி, முகங்களைப் பார்த்துத் தமிழுக்கு வந்து, திரும்ப ஆங்கிலத்துக்குப் போய் என்று இழுபட்டுக்கொண்டிருப்பேன். இப்போது வீடியோவில் விளக்கம் முழுக்கத் தமிழ். அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த இடை (சராசரி), இடையம், ஆகாரம் என்ற சொற்களில் தொடங்கி, இதைத்தான் இங்கே மீன், மீடியன், மோட் என்கிறோம் என்று கொண்டுபோய் முடிப்பேன். தாளில் ஆங்கிலம். ஒரு பிள்ளை சொன்னாள், "மிஸ், மூனு தரம் ஓட்டிப் பார்த்தேன், கிளாஸ்ல மூனு தரம் கேக்க வெக்கமா இருக்கும்" என்று. ஒரு பையன் பின்னேரம் ஹற்றனில் புடவைக் கடையில் வேலை செய்கிறான். அவன் பஸ்ஸில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்கிறானாம். அதைக் கேட்ட பிறகு, எழுதுகிற எண்களை வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதப் பழகினேன்.

இதெல்லாம் ஆயத்தம்தான். உண்மையான மாற்றம் வகுப்புக்குள்ளே நடப்பது. நிறையப் பேர் வீடியோவிலேயே முழுக் கவனத்தையும் வைத்துவிட்டு, மிச்சமான வகுப்பு நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நானும் நின்றேன். அதனால் ஒரு வகுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே வந்ததும் ஆளுக்கு அரைத்தாள். மூன்று கேள்வி. இரண்டு வீடியோவில் இருந்து, பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் எழுதலாம். மூன்றாவது எப்போதும் ஒன்றுதான்: எந்த இடம் விளங்கவில்லை? வெறுமனே "எல்லாம் விளங்கியது" என்று எழுதினால் ஏற்பதில்லை, ஒரு இடத்தையாவது காட்ட வேண்டும். அந்தத் தாள்களை நான் நின்றபடியே புரட்டிப் பார்த்து, ஒரே இடத்தைப் பத்துப் பேர் எழுதியிருந்தால் அதை மட்டும் ஐந்து நிமிடம் பேசுவேன். இந்தத் தாள்களுக்கு உள்ளகப் புள்ளியில் ஒரு சிறிய பங்கு உண்டு. விடை சரியா பிழையா என்பதற்கு இல்லை, எழுதியதற்கு.

அன்றைக்குப் பலகையில் பத்து எண்கள் எழுதினேன். 14, 16, 17, 18, 18, 19, 20, 21, 22, 35. ஒரு மலையில் பத்துப் பேர் ஒரு நாள் எடுத்த கொழுந்து, கிலோவில். இடை 20, இடையம் 18.5 என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள், அது வீடியோவில் பழகியதுதான். எத்தனை பேர் இடைக்குக் கீழே என்று கேட்டேன். ஆறு பேர். "பத்துப் பேர்ல ஆறு பேர் சராசரிக்குக் கீழேயா?" என்று ஒருவனுக்கு நம்பவே முடியவில்லை. பின்னால் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, "அந்த 35 ஒரு ஆள் எடுத்ததா இருக்காது மிஸ். ரெண்டு பேரு எடுத்து ஒரு பேர்ல நிறுத்திருப்பாங்க. எங்க வீட்லயும் லீவு நாள்ல அக்கா போயி அம்மாவுக்குச் சேர்த்து எடுக்கும்" என்றாள். தூர விலகிய எண் ஒன்று எங்கிருந்து வருகிறது, அதை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பதை நான் வருடக்கணக்காகப் புத்தகத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை மலையில் இருந்து சொல்லிவிட்டாள்.

அடுத்து நியம விலகலுக்காக, இடையிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கித்து, கூட்டச் சொன்னேன். 300 வந்தது. அதில் அந்த 35 மட்டும் எவ்வளவு? 15இன் வர்க்கம், 225. முந்நூறில் இருநூற்று இருபத்தைந்தை ஒரே ஆள் போட்டிருக்கிறார். யாரும் பேசவில்லை, ஆனால் எல்லாரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அன்றைய கேள்வியைப் போட்டேன். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்துப் பேருக்கும் ஆளுக்கு 2 கிலோ கழித்தால் நியம விலகல் என்னாகும்? ஒன்று, 2ஆல் குறையும். இரண்டு, மாறாது. மூன்று, கூடும். நாலு, சொல்ல முடியாது. முதலில் பேசக் கூடாது, விடையை விரலால் நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும், பக்கத்தில் உள்ளவர் பார்க்காமல். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1990களில் இருந்து செய்துவருவது இது. முப்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட சதவீதத்தினர் சரியாகச் சொன்னால் அவர்களையே ஒருவரோடு ஒருவர் பேச விடுவது நல்லது, அதற்குக் கீழே என்றால் ஆசிரியர் திரும்ப விளக்க வேண்டும், மேலே என்றால் கடந்து போகலாம் என்பது அவர் வழி. பிள்ளைகள் விடையளிக்க இலத்திரனியல் கருவிகள் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எங்களுக்கு விரல் போதும்.

பாதிப் பேர் ஒரு விரல் காட்டினார்கள். பதினேழு பேர் இரண்டு விரல். சரி, வேறு விரல் காட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள் என்றேன். அந்த நாலு நிமிடச் சத்தம்தான் இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது. தமிழ், ஆங்கிலம், தோட்டப் பேச்சு எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். நான் வரிசைகளுக்கு நடுவே நடந்து காது கொடுத்தேன். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவளுக்கு மேசையில் விரலால் புள்ளி வைத்துக் காட்டுகிறான்: "எல்லாரும் ஒரே படிக்கட்டுல நிக்கிறாங்கன்னு வை. எல்லாரையும் ரெண்டு படி இறங்கச் சொன்னா ஆளுக்கு ஆள் உள்ள தூரம் மாறுமா?" பதினோரு வருடத்தில் என் வாயில் வராத உதாரணம் அது. திரும்ப விரல் காட்டியபோது ஐந்து பேரைத் தவிர எல்லாரும் இரண்டு.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கொப்பிப் பிள்ளை, நான் முதலில் சொன்னேனே, அவள் கணக்கை நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் ஒரு நாள் முழுச் சம்பளம் விழுவதைப் பேர் என்பார்கள். தோட்டம் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். அந்தக் கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அன்றைய கணக்குக்கு 18 என்று வைத்திருந்தோம். அவள் எழும்பி மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், கழிக்க முந்தி மூனு பேருக்குத்தான் அரைப்பேர். ரெண்டு கிலோ கழிச்சா ஆறு பேருக்கு அரைப்பேர். ஆனா சராசரியப் பாத்தா சரியா 18 இருக்கு. ரிப்போட்ல சராசரிய மட்டும் எழுதினா எல்லாருக்கும் பேர் விழுந்த மாதிரில்ல இருக்கும்?"

சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவள் சொன்னது எண்ணுக்கு எண் சரி. இதை நான் வீடியோவில் சொல்லவில்லை, பலகையில் எழுதவில்லை, என் குறிப்பிலும் இல்லை. அவளுக்கு நேரம் இருந்தது, பக்கத்தில் பேச ஆள் இருந்தது, கேட்க நான் இருந்தேன்.

எதிர்ப்பு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தவணையின் நடுவில் சில பிள்ளைகள் மேலே போய் "மிஸ் படிப்பிக்கிறதில்லை, எங்களையே செய்யச் சொல்றாங்க" என்று முறையிட்டிருந்தார்கள். நிர்வாகத்தில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, வகுப்பில் ஒரே சத்தமாக இருக்கிறது, பழையபடி நோட்ஸ் கொடுத்தால் என்ன என்று கேட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டியூஷனில் நோட்ஸும் பாஸ்பேப்பரும் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு, ஆசிரியர் வேர்க்க வேர்க்கப் பேசினால்தான் படிப்பித்த மாதிரி. அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹார்வர்டிலேயே 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே பாடத்தை ஒரு பாதி மாணவர்கள் நல்ல விரிவுரையாகக் கேட்க, மறுபாதி தாங்களே செய்து படித்தார்கள். சோதனை வைத்தபோது செய்து படித்தவர்கள்தான் கூடக் கற்றிருந்தார்கள், ஆனால் கேட்டபோது தாங்கள் குறைவாகக் கற்றதாகத்தான் சொன்னார்கள். திணறும்போது எதுவும் ஏறவில்லை என்றுதான் மனது சொல்லும்.

அந்த ஆய்வை நான் பிள்ளைகளிடமே சொன்னேன். முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்த லயக்காம்பராவையும் பல்பையும் பற்றி, ஏன் இப்படி மாற்றுகிறேன் என்று, ஒளிக்காமல் பேசுவேன். அதற்குப் பிறகு முறைப்பாடு குறைந்தது. நிர்வாகத்துக்கு வகுப்பைப் பார்க்க வரும்படி அழைப்பு விடுத்தேன். அவர் வந்து ஒரு மணித்தியாலம் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் கூப்பிடவில்லை.

பரீட்சையில் எல்லாரும் சித்தி என்று சொல்ல வரவில்லை. வெற்றுத்தாள் இல்லாமல் போனது, அதை என் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் நியம விலகல் கேள்விக்கு எண்ணை மட்டும் எழுதி விட்டுப் போவார்கள், இப்போது பிழையாகவாவது கடைசி வரை செய்கிறார்கள், எங்கே பிழைத்தது என்று எனக்குத் தெரிகிறது. நிகழ்தகவு அலகு இன்னும் சரிவரவில்லை. அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, திரும்பப் பலகைக்கே கொண்டுபோய்விட்டேன், அங்கே முதல் அடியிலிருந்தே நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. எல்லா அலகும் புரட்டத் தோதானது இல்லை.

இன்னொன்று, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்காக. வீட்டு வேலையை வீடியோவால் கூட்டிவிடாதீர்கள். வீடியோவும் கொடுத்து, பழையபடி ஐந்து கணக்கும் கொடுத்தால் இரட்டைச் சுமை. அவள் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைக் குளிப்பாட்ட வேண்டும், ராத்திரிக்கு ரொட்டி தட்ட வேண்டும். நான் வீட்டுக் கணக்கை அடியோடு நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு எட்டு நிமிட வீடியோவும் அரைப்பக்கக் குறிப்பும், அவ்வளவுதான். கணக்கு எல்லாம் வகுப்பில்.

போன மாதம் அந்தப் பிள்ளை ஒரு சின்னக் கொப்பி கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நான் கேட்கவில்லை. அவள் அம்மா ஒரு மாதம் எடுத்த கொழுந்து, நாள் நாளாக, கழிக்க முன்பும் கழித்த பின்பும் இரண்டு நிரலாக எழுதியிருந்தது. 24 நாள். வேலைக்குப் போகாத நாட்களுக்கு எதிரே "காய்ச்சல்", "கோவில்", "மழை" என்று பென்சிலால் குறித்திருந்தாள். அம்மா ராத்திரி வந்து எண்ணைச் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். கடைசி வாரத்தில், "இன்னைக்கு எத்தனை, அது சராசரிக்கு மேலயா கீழயா" என்று அம்மாவே கேட்கத் தொடங்கிவிட்டாராம்.

நாளைக்கு விடிய ஐந்து மணிக்கு அந்த 24 எண்களை வைத்துத்தான் அடுத்த அலகின் முதல் வீடியோ எடுக்கப் போகிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன், பெயர் போட வேண்டாம் என்றார்.